இருட்டில் விழித்திருந்த மடிக்கணினி

"ஆர்ம் லேப்டாப்பில் லினக்ஸ் சரிப்பட்டு வராது, அந்த எண்ணத்தை விட்டுவிடு" என்று நண்பன் ஒருவனிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன் (ஆர்ம் என்பது கைபேசிகளில் அதிகம் வரும் செயலி வகை, லினக்ஸ் என்பது விண்டோஸ் போன்ற இயங்குதளம்). நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் மேசை மேல் இருந்த ஆர்ம் மடிக்கணினியில் லினக்ஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரை கருப்பாக இருந்தது, அதனால் எனக்குத் தெரியவில்லை. பிறகு அவனைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தச் சம்பவம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் லினக்ஸ் பயன்படுத்துகிறவன், உயிரோடு இருக்கும் ஒரு இயந்திரத்தைச் செத்துவிட்டது என்று பதினோரு நாள் எப்படி நம்பினேன்? அதை யோசித்து யோசித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இன்டெல், ஏஎம்டி செயலி உள்ள வழக்கமான எக்ஸ்86 லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பழகிய கைக்கு ஒரு தைரியம் உண்டு. பென் டிரைவைச் செருகினால் ஏதாவது ஒன்று வரும். வைஃபை வராமல் போகலாம், சவுண்டு வராமல் போகலாம், ஆனால் திரையில் எழுத்து வரும், அதைப் படித்து அடுத்த அடி வைக்கலாம். இந்த மெஷினிலும் பூட் மெனு அழகாக வந்தது. என்டர் தட்டினேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் வரிகள் சரசரவென்று மேலே ஓடின. மூன்று நான்கு விநாடிகூட இருக்காது, திரை அணைந்தது. மங்கலான பின்னொளிகூட இல்லை, முழு இருட்டு. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். அதே இடம், அதே இருட்டு.

பிறகு எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸின் வேறொரு தொகுப்பு), வேறு பென் டிரைவ், வேறு யூஎஸ்பி போர்ட், பழைய கர்னல், புதிய கர்னல், திரையை இயக்கும் மென்பொருளைத் தள்ளிவைக்கும் 'நோமோட்செட்'. கையொப்பம் இல்லாததை ஏற்றவிடாத செக்யூர் பூட்டை அணைத்தேன். அது அவசியமாகவும் இருந்தது. செக்யூர் பூட் இயங்கும்போது வன்பொருளின் வரைபடம் போன்ற டிவைஸ் ட்ரீ கோப்பைக் கையால் ஏற்றும் கட்டளையை, பூட் மெனுவைத் தரும் க்ரப் அனுமதிக்காது, எனக்கோ அந்தக் கட்டளை இல்லாமல் வேலை நடக்காது.

என் மெஷினுக்கென்று ஒரு டிவைஸ் ட்ரீ அப்போது கர்னலில் இல்லை. அதே தயாரிப்பாளரின், அதே சிப் வைத்த, கொஞ்சம் சிறிய மாடலுக்கு இருந்தது. அதைத்தான் இரவல் வாங்கியிருந்தேன். அதனால் பூட் ஆகும்போது 'மெஷின் மாடல்' என்று வரும் வரியில் என் மடிக்கணினி வேறொரு மடிக்கணினியின் பெயரைச் சொல்லும்.

டிவைஸ் ட்ரீ எதற்கு என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என் குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. பிசிஐ மாதிரியான பஸ்ஸில் (சாதனங்களை இணைக்கும் பாதையில்) இருக்கும் சாதனம், "யார் அங்கே?" என்று கேட்டால் பெயர் சொல்லும். எக்ஸ்86 மெஷினில் மற்றவற்றை, ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) தரும் ஏசிபிஐ அட்டவணை சொல்லிவிடும். ஆர்ம் சிப்புக்குள் இருக்கும் பெரும்பாலான சாதனங்கள் அப்படிப் பதில் சொல்லாது. எந்த முகவரியில் எந்தக் கட்டுப்பாட்டகம், எந்தப் பின்னில் எந்த இணைப்பு, எதற்கு எந்தக் கிளாக் (சுற்றை இயக்கும் துடிப்பு), எந்த மின்சப்ளை என்பதை யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். என்னுடையது போன்ற விண்டோஸ் மடிக்கணினிகளில் ஏசிபிஐ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கிளாக், மின்சாரம் பற்றிய விவரங்களில் பெரும்பங்கு அதில் இல்லை, விண்டோஸுக்கென்று எழுதிய டிரைவருக்குள் (சாதனத்தை இயக்கும் மென்பொருளுக்குள்) போய் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸுக்கு அது பயன்படாது.

முன்பு இந்த விவரங்களை ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி சி மொழிக் கோப்பாகக் கர்னலுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். அது கட்டுக்கடங்காமல் வளர்ந்து, 2011 மார்ச்சில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து கடுமையாகவே திட்டினார். அதற்குப் பிறகுதான், ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பழைய தரத்திலிருந்து பிறந்து, பவர்பிசி என்ற வேறு செயலிக்கான கர்னலில் ஏற்கெனவே புழங்கிய டிவைஸ் ட்ரீ, ஆர்முக்கும் மளமளவென்று வந்தது. அதே லினஸ் 2022 ஜூலை 31 அன்று 5.19 கர்னலை ஒரு ஆர்ம் மடிக்கணினியிலிருந்துதான் வெளியிட்டார். ஆப்பிள் வன்பொருளுக்கு லினக்ஸைக் கொண்டுவரும் அசாஹி குழு செய்த வேலையால் அது முடிந்தது. ஆப்பிளின் மேக்ஓஎஸ்ஸைத் தங்கள் சிறிய ஹைப்பர்வைசருக்குள் (ஓர் இயங்குதளத்தைத் தனக்குள் ஓடவிடும் மென்பொருளுக்குள்) ஓடவிட்டு, அது எந்த முகவரியில் என்ன எழுதுகிறது என்று கவனித்துக் கவனித்து எழுதியவர்கள் அவர்கள். அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கேப்ஸ் லாக் விளக்கு

பதினோராவது நாள் ராத்திரி. மறுபடி ஒரு முறை பூட் செய்து, இருட்டாகிவிட்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிக்கணினியின் சொந்தக் கீபோர்டு அந்த நிலையில் வேலை செய்யாது என்பதால் வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி கீபோர்டு செருகியிருந்தேன். அணைக்கப் போகிறோமே என்று அதைக் கழற்றக் கையை வைத்தபோது, கேப்ஸ் லாக் மேல் விரல் பட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

கையை எடுத்துவிட்டேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. அழுத்தினேன், எரிந்தது.

யூஎஸ்பி கீபோர்டில் அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. விசை அழுத்தப்பட்டது என்ற செய்தி கணினிக்குப் போகும். கணினி அதைப் புரிந்துகொண்டு, "விளக்கை ஏற்று" என்று திருப்பி ஒரு செய்தி அனுப்பினால்தான் அது எரியும். அந்தப் பக்கம் யாரோ விழித்திருந்து பதில் சொன்னால்தான் இது நடக்கும். கர்னல் நின்றுபோயிருந்தால் நான் இரவு முழுக்கத் தட்டினாலும் அது எரியாது. பத்துப் பதினைந்து முறை தட்டிப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தட்டுக்கும் உடனே பதில் வந்தது, கொஞ்சமும் தாமதமில்லை. அன்று வந்த சந்தோஷம் இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. கூடவே ஒரு குற்ற உணர்வும் வந்தது. இத்தனை நாளும் பவர் பட்டனை அழுத்தி அழுத்தி, ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

அப்புறம் வேலை வேறு திசையில் போனது. வேறு கணினியிலிருந்து உள்ளே வர உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வர் தானாகத் தொடங்கும்படி பென் டிரைவில் இருந்த இமேஜை மாற்றினேன். யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றைச் செருகி, ரவுட்டரின் பட்டியலில் புதிதாக வந்த ஐபி முகவரியைப் பார்த்து, இன்னொரு கணினியிலிருந்து உள்ளே போனேன். ஷெல் (கட்டளை தட்டும் இடம்) வந்தது. செயலியின் எட்டுக்கு மேற்பட்ட கோர்களும் ஓடுகின்றன, நினைவகம் முழுதும் தெரிகிறது, என்விஎம்இ டிஸ்க்கும் தெரிகிறது. திரை மட்டும்தான் இல்லை.

பூட் பதிவை முதலிலிருந்து படித்தேன். திரை அணையும் நேரத்தை ஒட்டி ஒரு வரி இருந்தது: பயன்படாத கிளாக்குகளை அணைக்கிறேன் என்று கர்னல் சொல்லும் வரி. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, பூட் ஆவதைக் கைபேசியில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அணைவதற்கு முந்தைய ஃபிரேமில் கடைசி வரியாக அதுவேதான் நின்றது.

நடந்தது இதுதான். மெஷினைப் போட்டதும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் திரைக்கு உயிர் கொடுத்துவிடுகிறது. அதற்கு வேண்டிய கிளாக்குகளை ஓடவிட்டு, நினைவகத்தில் ஓர் இடத்தைத் திரைக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தொடக்கத்தில் கர்னல் காட்டும் எழுத்தெல்லாம் அந்த ஏற்பாட்டின் மேல்தான் வருகிறது. உண்மையான டிஸ்ப்ளே டிரைவர் மாட்யூலாக (தனியாக ஏற்றும் துண்டாக) இருப்பதால் பிறகுதான் வரும். இடையில், பூட்டின் கடைசிக் கட்டத்தில், கர்னல் ஒரு சுற்று வருகிறது. "இந்தக் கிளாக் ஓடுகிறது, ஆனால் இது எனக்கு வேண்டும் என்று எந்த டிரைவரும் சொல்லவில்லையே" என்று பார்த்து, ஒவ்வொன்றாக அணைக்கிறது. பேட்டரியை மிச்சப்படுத்த அது நல்ல பழக்கம். ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைப்பது போலத்தான். ஆனால் அந்த அறைக்குள் நான் இருந்தேன், இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

சரி, டிஸ்ப்ளே டிரைவர் பிறகாவது வந்திருக்க வேண்டுமே? வந்திருந்தது. வந்து, காத்துக்கொண்டு நின்றது. கர்னலின் டீபக் (பிழை தேடும்) கோப்பகத்தில், வேறொன்றுக்காகக் காத்திருக்கும் சாதனங்களின் பட்டியல் ஒரு கோப்பாகவே கிடைக்கும். அதைத் திறந்ததும் திரையின் பெயர் முதல் வரியிலேயே இருந்தது. திரை பின்னொளிக்காகக் காத்திருந்தது. பின்னொளி அதைக் கட்டுப்படுத்தும் டிரைவருக்காகக் காத்திருந்தது. நான் போட்டிருந்த இமேஜின் கர்னலில் அந்த டிரைவரையே சேர்க்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். கர்னல் கட்டளை வரியில் 'கிளாக் இக்னோர் அன்யூஸ்ட்', 'பிடி இக்னோர் அன்யூஸ்ட்' என்ற இரண்டு சொற்களை, இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு, சேர்த்து மறுபடி பூட் செய்தேன். முதலாவது கிளாக்குகளைத் தொடாதே என்று சொல்கிறது, இரண்டாவது மின்சாரப் பகுதிகளைத் தொடாதே என்று. அந்த வரி வந்தது, கடந்தது, திரை அணையவில்லை. லாகின் கேட்டது.

இது நிரந்தரத் தீர்வு இல்லை. எல்லாக் கிளாக்குகளும் ஓடிக்கொண்டே இருந்தால் பேட்டரி வீணாகும், மெஷினும் சூடாகும். பின்னொளி டிரைவர் உள்ள கர்னலுக்குப் பிறகு மாறிக்கொண்டேன், அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டேன். ஆனால் வழியில் நின்ற ஒருவனுக்கு முதல் வெளிச்சம் அந்த இரண்டு சொற்களிலிருந்துதான் வந்தது.

பேட்டரியைக் கேட்டால் பென் டிரைவ் போகிறது

அடுத்து வந்த சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் சிஸ்டத்தில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. இந்த மெஷினில் பேட்டரி, சார்ஜிங், யூஎஸ்பி-சி போர்ட்டின் நடத்தை எல்லாவற்றையும் கவனிப்பது, ஆடியோவுக்கென்று இருக்கும் டிஎஸ்பி என்ற தனித் துணைச் செயலி. அதற்குத் தனி ஃபர்ம்வேர் வேண்டும். அந்த ஃபர்ம்வேர் தயாரிப்பாளர் கையொப்பமிட்டது, வேறு மாடலுடையதைப் போட்டால் ஏற்காது. நல்லவேளை, விண்டோஸை அழிக்காமல் டிஸ்க்கின் ஓரத்தில் விட்டுவைத்திருந்தேன். அதன் டிரைவர் கிடங்கிலிருந்து கோப்புகளை எடுத்து பென் டிரைவில் சேர்த்தேன். அடுத்த பூட்டில், பாதி வழியில், சிஸ்டத்தின் அடிப்படைக் கோப்புகள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தையே படிக்க முடியவில்லை என்று வரிவரியாகப் பிழை.

கேப்ஸ் லாக் அனுபவத்துக்குப் பிறகு நான் நிதானமாகிவிட்டேன். மெஷின் செத்துவிட்டது என்று இந்த முறை நினைக்கவில்லை, யார் எதை அணைத்தார்கள் என்றுதான் தேடினேன். விடை பதிவிலேயே இருந்தது. டிஎஸ்பி புதிய ஃபர்ம்வேரோடு தொடங்கும்போது, தன் பொறுப்பில் இருக்கும் யூஎஸ்பி-சி போர்ட்டை ஒரு கணம் துண்டித்து மறுபடி இணைக்கிறது. சிஸ்டமே அந்தப் போர்ட்டில் இருக்கும் பென் டிரைவிலிருந்து ஓடுகிறதே. மரத்தின் கிளையில் உட்கார்ந்திருக்கும்போது கிளை ஒரு விநாடி மறைந்து திரும்பி வந்த கதைதான். இன்ஸ்டால் முடியும்வரை அந்த டிஎஸ்பி டிரைவரை ஏற்றாதே என்று பிளாக்லிஸ்டில் போட்டேன். உள் டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்து, அங்கிருந்து பூட் ஆன பிறகு தடையை எடுத்தேன். பேட்டரி அளவு வந்தது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. இன்ஸ்டால் ஆன முதல் பூட்டில் ரூட் டிஸ்க்கைக் காணவில்லை என்று தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் ஷெல்லில் போய் நின்றது. என்விஎம்இ டிரைவர் இருந்தது. டிஸ்க் தொங்கும் பிசிஐஇ இணைப்பின் பிஹெச்ஒய் (மின் சமிக்ஞையைக் கையாளும் பகுதி) டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இல்லை. மாட்யூல் பட்டியலில் பெயரைச் சேர்த்து மறுபடி உருவாக்கினால் முடிந்தது. எக்ஸ்86 உலகத்தில் நாம் நினைத்தே பார்க்காத ஒரு டிரைவர் அது.

இந்த முகவரியில் எதுவும் இல்லை

கடைசியாக மிஞ்சியது டச்பேட். சின்ன விஷயம்தான், ஒரு மவுஸ் செருகினால் போதும். ஆனால் என் கருத்து மாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டச்பேட் ஐ2சி என்ற பஸ்ஸில் இருக்கிறது. அந்த பஸ்ஸில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரி எண் உண்டு, டிவைஸ் ட்ரீ சொல்லும் எண்ணில் போய்க் கர்னல் கதவைத் தட்டும். இரவல் வாங்கிய டிவைஸ் ட்ரீயில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில் 15 என்று இருந்தது (இனி வரும் முகவரி எண்களும் அதே முறைதான்). டீபக் செய்திகளை இயக்கிப் பார்த்தபோது டிரைவர் தெளிவாகவே சொன்னது: இந்த முகவரியில் எதுவும் இல்லை. அது முழு உண்மை. சிறிய மாடலில் ஒரு கம்பெனியின் டச்பேட், என்னுடையதில் வேறு கம்பெனியின் டச்பேட். கர்னல் நேர்மையாகப் போய்த் தட்டியிருக்கிறது, பக்கத்து வீட்டு விலாசத்தில்.

சரியான எண் எங்கே கிடைக்கும்? விண்டோஸுக்குள் போய் ஏசிபிஐ அட்டவணைகளை டம்ப் எடுத்தேன். அதில் டிஎஸ்டிடி என்ற பெரிய அட்டவணையை, படிக்கக்கூடிய எழுத்தாக மாற்ற ஐஏஎஸ்எல் என்ற கருவி இருக்கிறது. பல ஆயிரம் வரிகள் வந்தன. கிளாக்கும் மின்சாரமும் இதில் சரியாக இல்லை என்று முன்பு குறைப்பட்டேனே, ஐ2சி முகவரி மட்டும் இதில் பளிச்சென்று இருக்கிறது. டச்பேட்டுக்குரிய பகுதியில் முகவரி 38. அதற்குக் கீழே, டச்பேட் தன்னைப் பற்றிச் சொல்லும் ஹெச்ஐடி விவரக்குறிப்பு எந்தப் பதிவகத்தில் தொடங்குகிறது என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு சிறு ஃபங்ஷன். அது 20 என்று திருப்பித் தருகிறது. இரவல் கோப்பில் அந்த இடத்தில் 1 இருந்தது.

டிவைஸ் ட்ரீ மூலக் கோப்பைத் திறந்து மூன்று இடத்தில் கை வைத்தேன். டச்பேட்டுக்கான பகுதியின், அதாவது கணுவின், பெயரில் 15 என்பதை 38 ஆக்கினேன், முகவரி வரியில் 15 என்பதை 38 ஆக்கினேன், விவரக்குறிப்பின் வரியில் 1 என்பதை 20 ஆக்கினேன். டிடிசி கம்பைலரில் போட்டு, வந்த கோப்பைப் பூட் பகுதியில் வைத்து, மறுபடி தொடங்கினேன். விரலை வைத்து நகர்த்தினேன். அம்புக்குறி நகர்ந்தது.

மூன்றே எண்கள். ஒரு புது ஃபங்ஷன்கூட எழுதவில்லை, டிரைவரில் ஒரு வரியைத் தொடவில்லை. ஓடுவதற்கு வேண்டிய திறமை முழுக்க லினக்ஸிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. 64 பிட் ஆர்மை லினக்ஸ் ஏற்றது 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில். அத்தனை வருடமாகப் பலர் சேர்த்து வைத்த திறமை அது. இல்லாதது என் மெஷினைப் பற்றிய தகவல். "லினக்ஸ் இதில் ஓடாது" என்று நாம் சொல்லும்போது பல நேரம் அதற்கு அர்த்தம், "இதில் என்ன எங்கே இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை" என்பதுதான். இதை நான் இப்போது அழுத்தமாக நம்புகிறேன். அந்தத் தகவல் தயாரிப்பாளரிடம் இருக்கிறது. போர்டை வடிவமைத்தவர்களுக்கு 38 என்பது மனப்பாடமாகத் தெரியும். காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதைச் சொல்வதில் எந்த ரகசியமும் போய்விடாது. பொருளோடு அதன் விவரமும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன்.

இதில் ஒரு பக்கம் மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஸ்பீக்கர். இந்த வகை மெலிந்த மடிக்கணினிகளில் ஸ்பீக்கரைக் காப்பது அதற்குள் இருக்கும் பாகம் இல்லை, மென்பொருள். எவ்வளவு சத்தம் வரை தாங்கும், எவ்வளவு நேரம் தாங்கும் என்ற அளவு தெரியாமல் முழு சக்தியைக் கொடுத்தால் சுருள் எரிந்துபோகும். டச்பேட்டில் தப்பான எண் போட்டால் எதுவும் நடக்காது, இங்கே தப்பான எண்ணுக்கு விலை உண்டு. அளந்து பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. அதனால் ஸ்பீக்கரை அணைத்தே வைத்திருக்கிறேன், ஹெட்போனில் கேட்கிறேன்.

மூன்று எண்களை என்னோடு வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. என் மாடலுக்கென்று தனி டிவைஸ் ட்ரீ கோப்பு ஒன்றை ஒழுங்காக எழுதி, பேட்ச்சாக (சேர்க்க வேண்டிய திருத்தமாக) கர்னல் குழுவுக்கு அனுப்பினேன். அதைப் பரிசீலித்தவர் கேட்ட முதல் கேள்வி, இந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான். எவ்வளவு நல்ல கேள்வி அது. டிஎஸ்டிடியில் பார்த்ததையும், மெஷினில் சோதித்ததையும் விளக்கக் குறிப்பில் எழுதினேன். கணுக்களை அகர வரிசைப்படி வைக்கச் சொன்னார், வைத்தேன். தேவையில்லாத இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். மூன்றாவது முறை அனுப்பியதை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கோப்பு உள்ள கர்னல் வந்த அன்று, இரவல் கோப்பை அழித்துவிட்டுப் பூட் செய்தேன். கைபேசியை எடுத்து வீடியோவும் எடுத்துக்கொண்டேன், பழக்க தோஷம். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். தொடக்கத்தில் வரும் முதல் சில வரிகளுக்குள், 'மெஷின் மாடல்' என்ற இடத்தில், என் மடிக்கணினி தன் சொந்தப் பெயரைச் சொன்னது.